கட்டியை எங்கே வளர்ப்பது? எலி மாதிரிகளில் புற்றுநோய்ப் பரவலை ஆராய்வோருக்கு ஓர் ஒப்பீடு

எலியில் புற்றுநோய்ப் பரவலை ஆராயப் போகும் மாணவர்கள், ஆய்வுத் திட்டம் எழுதும் வேளையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. செல்களைத் தோலுக்கு அடியில் வைப்பதா, அந்தப் புற்றுநோய் பிறந்த உறுப்பிலேயே வைப்பதா, வால் சிரையில் ஏற்றுவதா? மூன்றிலும் செல் ஒன்றே, எலியும் ஒன்றே. ஆனால் கிடைக்கும் விடை ஒன்றல்ல. ஓரிடத்தில் வைத்தால் சாதுவாக வளர்ந்து நிற்கும் செல், வேறோர் இடத்தில் வைத்தால் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிடும். ஊசி எங்கே எளிதாக இறங்கும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தவர்கள் பலர், ஆறு மாதம் கழித்துத் தாங்கள் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்கவே இல்லை என்று கண்டு வருந்தியிருக்கிறார்கள். அந்த வருத்தம் மற்றவர்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இடம் முக்கியம் என்ற எண்ணம் பழையது. 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளை ஆராய்ந்து, பரவல் கண்டபடி நிகழ்வதில்லை, விதைக்கேற்ற மண் அமைந்த உறுப்பிலேயே அது முளைக்கிறது என்றார். 1920-களின் இறுதியில் அமெரிக்க நோயியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங், இரத்தம் எந்த வழியில் ஓடுகிறதோ அந்த வழியில் முதலில் எதிர்ப்படும் நுண்குழாய் வலையில் செல் சிக்கிக்கொள்கிறது, அவ்வளவே என்று மறுத்தார். எலியில் இடத்தைத் தேர்வு செய்பவர் இந்த இருவரையும் நினைவில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் நாம் ஊசியை எங்கே இறக்குகிறோம் என்பது மண்ணையும் ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டிய சோதனை 1980-இல் வந்தது. இயன் ஹார்ட்டும் ஐசையா ஃபிட்லரும் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் சிறு துண்டுகளை எலிகளின் தொடைத் தசையில் ஒட்டி வளர்த்து, எலியின் தோல் நிறமிப் புற்றுநோயான பி16 மெலனோமா செல்களை இரத்தத்தில் செலுத்தினார்கள். நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் கட்டிகள் எழுந்தன. அதே தொடையில், அதே இரத்தம் பாய்ந்த சிறுநீரகத் துண்டில் எழவில்லை. ஓட்டம் செல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், வளர்வதா இல்லையா என்பதை மண் தீர்மானிக்கும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய அளவுகோல், உங்கள் கேள்வி பரவலின் எந்தப் படியைப் பற்றியது என்பது. செல் முதன்மைக் கட்டியிலிருந்து விடுபட்டு அருகிலுள்ள திசுவை ஊடுருவ வேண்டும். இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைய வேண்டும். ஓட்டத்தின் அழுத்தத்தையும், கட்டிச் செல்லை நேரடியாகத் தாக்கும் எதிர்ப்பாற்றல் செல்களான இயற்கைக் கொல்லி செல்களையும் தாங்க வேண்டும். தொலைவிலுள்ள உறுப்பில் நின்று, குழாய்ச் சுவரைக் கடந்து வெளியேறி, அங்கே குடியேறிப் பெருக வேண்டும். 1970-இல் ஃபிட்லர் கதிரியக்க அயோடின் ஏற்றிய பி16 செல்களை எலியின் சிரையில் செலுத்திக் கணக்கெடுத்தபோது, ஒரு நாள் கழித்து உயிரோடு எஞ்சியவை நூற்றில் ஒன்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு படியும் தனித்தனிச் சல்லடை. நீங்கள் தேர்ந்த இடம் ஒரு சல்லடையைச் சுற்றிக் கடந்துவிட்டால், அந்தச் சல்லடையைப் பற்றிப் பேசும் உரிமை உங்கள் தரவுக்கு இல்லை.

அடுத்தது எதிர்ப்பாற்றல். மனிதச் செல்லை வளர்க்க வேண்டுமானால் எதிர்ப்பாற்றல் குன்றிய எலி தேவை. தைமஸ் இல்லாத நியூட் எலியில் டி செல்கள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இயற்கைக் கொல்லி செல்கள் அதில் வலுவாகவே இருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்ப்பாற்றல் இன்னும் குன்றிய என்.எஸ்.ஜி. என்ற எலி இனத்தில் அவையும் இல்லாததால், நியூட் எலியில் பரவாத செல் அங்கே தாராளமாகப் பரவும். இடத்தை மாற்றியதால் வந்த வேறுபாடா, எலி இனத்தை மாற்றியதால் வந்த வேறுபாடா என்று பின்னால் பிரிக்க முடியாதபடி இரண்டையும் ஒருசேர மாற்றக் கூடாது.

மூன்றாவதாக அளக்கும் வழி, நான்காவதாகக் காலமும் எலிகளின் எண்ணிக்கையும், ஐந்தாவதாகக் கைத்திறன் ஆகியவற்றைக் கருத வேண்டும். ஆறாவதாக நான் வைப்பது விலங்கின் துன்பம். வரிசையில் கடைசியில் வந்தாலும் இது ஒரு திட்டத்தைத் தனியாகவே தள்ளுபடி செய்யக்கூடிய அளவுகோல். 2010-இல் வெளியான பிரிட்டன் வழிகாட்டுதல், எலியில் கட்டியின் சராசரி விட்டம் வழக்கமாக 1.2 செ.மீ.-ஐயும், சிகிச்சை ஆய்வுகளில் 1.5 செ.மீ.-ஐயும் தாண்டக் கூடாது என்கிறது. இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கும்போதும், எந்த அறிகுறி தெரிந்ததும் எலியை வலியின்றி முடிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும். தோலடிக் கட்டிக்கு அதை எழுதுவது எளிது, கண்ணுக்குத் தெரிகிறது. எலும்புக்கோ மூளைக்கோ பரவிய கட்டிக்கு எழுதும்போதுதான் நாம் அந்த உயிரை எந்த நிலைக்குக் கொண்டுபோகிறோம் என்பது உறைக்கும்.

தோலடி

விலாப்புறத் தோலைச் சற்றே தூக்கிப் பிடித்து, நூறு மைக்ரோலிட்டர் செல் கரைசலைச் செலுத்தினால் வேலை முடிந்தது. ஒரு முற்பகலில் நாற்பது எலிகளுக்குச் செய்துவிடலாம். வாரம் இருமுறை கேலிப்பர் வைத்து நீளமும் அகலமும் அளந்து, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் கன அளவு கிடைத்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை, படக்கருவி தேவையில்லை, எலிக்கும் துன்பம் குறைவு. மருந்து கட்டியைச் சுருக்குகிறதா என்ற முதல் கேள்விக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆனால் கேள்வி பரவலைப் பற்றியதானால் நிலைமை வேறு. 1969-இல் ரிகார்டும் பவுல்சனும் மனிதப் பெருங்குடல் புற்றுநோயை நியூட் எலியில் முதன்முதலாக வளர்த்துக் காட்டிய நாளிலிருந்து ஆய்வாளர்களை உறுத்திய உண்மை, நோயாளியின் உடலில் எங்கும் பரவிய புற்றுநோய் எலியின் தோலடியில் பெரும்பாலும் பரவுவதில்லை என்பதாகும். கட்டியைச் சுற்றி எலியின் இழைத்திசு ஓர் உறைபோலப் படர்கிறது. தோலடி உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்தது. அங்குள்ள இரத்தக் குழாய்களும் துணைச் செல்களும் குடலுக்கோ கணையத்துக்கோ உரியவை அல்ல. கட்டியைத் தோலோடு கையில் பிடித்தால் பட்டாணி போல் வழுக்கி நகரும். ஊடுருவும் கட்டி அப்படி நகராது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. லூயிஸ் நுரையீரல் கார்சினோமா என்ற எலிப் புற்றுநோய் தோலடியிலிருந்தே நுரையீரலுக்குப் பரவும். 1994-இல் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தில் மைக்கேல் ஓ'ரைலி, புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் ஆஞ்சியோஸ்டாட்டினைக் கண்டறிந்தது இந்தக் கட்டியைக் கொண்டுதான்: முதன்மைக் கட்டி இருக்கும் வரை நுரையீரலில் அடங்கிக் கிடந்த நுண்கட்டிகள், அதை அறுத்து எடுத்ததும் குபுகுபுவென்று வளர்ந்தன. ஆகவே தோலடி என்றாலே பரவாது என்று எழுதுவதும் தவறு; செல் லைனை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகையை, பெயரிட்டே பேச வேண்டும்.

இதன் மறைசெலவு, எதிர்மறை முடிவு வரும்போது தெரியும். உங்கள் மரபணுவை அடக்கியதும் தோலடிக் கட்டியிலிருந்து பரவல் தென்படவில்லை என்றால், அடக்காத எலிகளிலும் பெரும்பாலும் பரவல் இருந்திருக்காது. இன்னொரு செலவு மருந்தைச் சார்ந்தது. சிடி-26 எலிப் பெருங்குடல் கட்டியை வைத்து ஃபிட்லரின் குழு 1990-களில் காட்டியபடி, தோலடியில் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு இணங்கிய செல்களே நுரையீரலில் வளர்ந்தபோது அதை எதிர்த்து நின்றன. அந்த எதிர்ப்பு செல்லோடு பிறந்ததன்று, உறுப்பு ஊட்டியது.

தோலடி என்பதே ஒரே இடம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1978-இல் ராபர்ட் அவுர்பாக்கின் குழு, எலியின் உடலின் முன்பகுதியில் வைத்த கட்டிகள் பின்பகுதியில் வைத்தவற்றைவிட எளிதாகப் பிடித்து விரைந்து வளர்வதைக் காட்டியது. ஒரு குழுவுக்குத் தோள்பட்டை அருகிலும் மற்றொரு குழுவுக்கு இடுப்பு அருகிலும் ஊசி போடும் கவனக்குறைவு, மருந்தின் விளைவு என்று பதிவாகிவிடக்கூடும்.

உரிய உறுப்பு

மார்பகப் புற்றுநோயை மார்பகக் கொழுப்புத் திசுவில், கணையப் புற்றுநோயைக் கணையத்தில், பெருங்குடல் புற்றுநோயைக் குடற்சுவரில் வைப்பதை ஆர்த்தோடாபிக் முறை என்கிறோம். 1980-களில் ஃபிட்லரின் குழு சிறுநீரகப் புற்றுநோய்ச் செல்களையும் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களையும் இப்படி உரிய உறுப்புகளில் வைத்துப் பார்த்தபோது, தோலடியில் வளர்ந்து மட்டும் நின்ற செல்கள் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவத் தொடங்கின. பின்னர் ராபர்ட் ஹாஃப்மன், செல் கரைசலுக்குப் பதிலாகக் கட்டித் துண்டையே அறுவை மூலம் உறுப்பில் தைத்து வைக்கும் முறையை வளர்த்தார். துண்டு சிதறாமல் ஓரிடத்தில் இருப்பதாலும், மனிதத் திசுவின் அமைப்பு குலையாமல் இருப்பதாலும் பரவலின் போக்கு நோயாளியின் போக்கை மேலும் ஒத்திருந்தது. நோயாளிகளின் மார்பகக் கட்டித் துண்டுகளை எலியின் மார்பகத்தில் வைத்தபோது, அந்த நோயாளிகளுக்குப் பரவிய உறுப்புகளுக்கே பரவியதை 2011-இல் அலானா வெல்மின் குழு காட்டியது.

முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை எல்லாச் சல்லடைகளையும் செல் கடக்க வேண்டியிருப்பது இந்த முறையின் வலு. எலிச் செல்லுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 4டி1. பால்ப்/சி என்ற ஆய்வக எலி இனத்தில் தானாக எழுந்த மார்பகக் கட்டியிலிருந்து வந்தது. அதே இன எலியின் நான்காம் மார்பகத்தில் வைத்தால் முழு எதிர்ப்பாற்றலோடு கூடிய உடலிலிருந்து நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று பரவும். அது 6-தையோகுவானின் என்ற நஞ்சைத் தாங்கும் செல் என்பதால், எலியின் நுரையீரலை அரைத்து அந்த நஞ்சு கலந்த ஊடகத்தில் வளர்த்தால் எலியின் சொந்தச் செல்கள் மடிந்து, பரவிய செல்கள் மட்டும் திட்டுத்திட்டாக எழும். எண்ணி எழுதிக்கொள்ளலாம். விலை உயர்ந்த படக்கருவி இல்லாத ஆய்வகத்துக்கு இது பெரிய கொடை.

உரிய உறுப்பு என்பதற்குள்ளும் உரிய இடம் என்று ஒன்று உண்டு. 2016-இல் லோசானில் கேத்ரின் பிரிஸ்கனின் குழு எம்சிஎஃப்-7 முதலிய ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகச் செல்களைக் கொழுப்புத் திசுவில் வைப்பதற்குப் பதிலாக, காம்பு வழியாகப் பால் நாளத்துக்குள் செலுத்தியது. கொழுப்புத் திசுவில் தங்கள் இயல்பிலிருந்து விலகிப்போன செல்கள், நாளத்துக்குள் நோயாளியின் கட்டியைப் போலவே நடந்துகொண்டன. சில மில்லிமீட்டர் இடைவெளிதான். செல்லின் குணமே மாறியது.

மறைசெலவில் முதலாவது கசிவு. என் ஆய்வின் தொடக்க ஆண்டில் கணையத்தில் செல் செலுத்தும் வேலையைக் கற்றேன். இடது விலாவுக்குக் கீழே சிறு கீறல் போட்டு, மண்ணீரலை மெல்ல வெளியே இழுத்தால் அதனோடு ஒட்டிக் கணையத்தின் வால் பகுதி வரும், நனைந்த பருத்திபோல் மங்கலாக. ஊசி சரியாக இறங்கினால் அந்தத் திசுவுக்குள் கண்ணாடிபோல் ஒரு சிறு கொப்புளம் எழும். எழுந்தது அப்படியே நின்றால் நல்லது. பல எலிகளில் அது எழுந்து, நான் ஊசியை உருவிய நொடியில் தளர்ந்து போனது. நான்கு வாரம் கழித்து வயிற்றறையெங்கும் முடிச்சுகளைக் கண்டு, குறிப்பேட்டில் மகிழ்ச்சியோடு பரவல் என்று எழுதினேன். எங்கள் விலங்கு அறையின் மூத்த டெக்னீஷியன் தட்டைத் தன் பக்கம் திருப்பி, "தம்பி, தையல் போட்ட கோட்டிலேயும் வரிசையா முடிச்சு இருக்கு பாருங்க, இது பரவினது இல்ல, நீங்க சிந்தினது" என்றார். அந்தத் தொகுதி முழுவதையும் விலக்க வேண்டியதாயிற்று. வீணான எலிகளின் கணக்கு இன்றும் என் மனத்தில் இருக்கிறது. செல்களை, உடல் சூட்டில் இறுகும் கூழான மேட்ரிஜெல்லில் கலந்து, அளவை ஐம்பது மைக்ரோலிட்டருக்குள் அடக்கி, ஊசியை உருவும் முன் அரை நிமிடம் நிறுத்தி, கசிந்த எலியை அன்றே குறித்து விலக்குவது என்று அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டோம்.

இரண்டாவது செலவு காலப் போட்டி. முதன்மைக் கட்டி அனுமதிக்கப்பட்ட அளவை எட்டிவிடும், பரவல் இன்னும் கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு வந்திராது. தீர்வு, முதன்மைக் கட்டியை அறுத்து எடுத்துவிட்டு எலியைத் தொடர்ந்து வைத்திருப்பது. இது நோயாளியின் சிகிச்சையையும் ஒத்திருக்கிறது, ஏனெனில் பரவல் தடுப்பு மருந்தை மருத்துவமனையில் பெறுபவர் பெரும்பாலும் அறுவை முடிந்தவர். 2009-இல் ஜான் ஈபோஸும் ராபர்ட் கெர்பெலும் சுனிட்டினிப் மருந்தை ஆராய்ந்தபோது, முதன்மைக் கட்டியை அடக்கிய அதே மருந்து, குறுகிய காலம் கொடுக்கப்பட்ட எலிகளில் பரவலை விரைவுபடுத்தக்கூடும் என்று கண்டார்கள். தோலடிக் கட்டியைக் கேலிப்பர் வைத்து மட்டும் அளந்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மூன்றாவது, எலிக்கு எலி முடிவு பெரிதும் வேறுபடும் என்பது. இதைக் கணக்கில் கொள்ளாமல் குழுவுக்கு ஐந்து எலி என்று எழுதும் திட்டங்கள் ஒன்றையும் நிரூபிக்காமல் முடிந்துபோகின்றன.

இரத்த வழி: வால் சிரை, இதயம், மண்ணீரல்

வால் சிரையில் ஏற்றிய செல், கீழ்ப் பெருஞ்சிரை வழியே இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரல் நுண்குழாய்களை அடையும். பி16-எஃப்10 செல்கள் இரண்டு லட்சத்தை ஏற்றி இரண்டு முதல் மூன்று வாரத்தில் நுரையீரலைத் திறந்தால், இளஞ்சிவப்பு மேற்பரப்பில் கருமிளகு தூவினாற்போல் கட்டிகள் தெரியும். வெறும் கண்ணால் எண்ணலாம். இந்த எஃப்10 பிரிவே, நுரையீரலில் எழுந்ததை எடுத்து வளர்த்து மீண்டும் ஏற்றுவதைப் பத்து முறை செய்து ஃபிட்லர் 1973-இல் தேர்ந்தெடுத்தது. ஓட்டத்தில் பிழைத்தல், நிற்றல், வெளியேறுதல், குடியேறுதல் ஆகிய பின்பாதிப் படிகளைப் பற்றிய கேள்விக்கு இது கச்சிதமான முறை. காலம் குறைவு, எலிக்கு எலி வேறுபாடும் குறைவு.

ஊடுருவலைப் பற்றியோ குழாய்க்குள் நுழைவதைப் பற்றியோ இது ஒன்றும் சொல்லாது, அந்த இரண்டையும் ஊசியே செய்துவிட்டது. அதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. 2005-இல் ரோஸந்த்ரா கேப்ளனும் டேவிட் லைடனும் காட்டியபடி, முதன்மைக் கட்டி தன் செல்கள் போய்ச் சேரும் முன்பே எலும்பு மஜ்ஜைச் செல்களை நுரையீரலுக்கு அனுப்பி மண்ணைப் பதப்படுத்திவிடுகிறது. முதன்மைக் கட்டியே இல்லாத எலியில் அந்தப் பதப்படுத்தல் நிகழாது. செய்முறையிலும் கவனம் வேண்டும்: செல்கள் சரியாகப் பிரியாமல் திரளாகச் சேர்ந்திருந்தால் நுரையீரல் குழாயை அடைத்து எலி சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்துவிடும். ஏற்றும் முன் சல்லடைத் துணியில் வடிகட்டுவதை ஒருபோதும் விடக் கூடாது.

எலும்பையும் மூளையையும் அடைய வேண்டுமானால் நுரையீரல் வலையைத் தாண்ட வேண்டும். அதற்காக இதயத்தின் இடது கீழறையில் செலுத்துகிறோம். எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்ற மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்லிலிருந்து எலும்புக்கும் மூளைக்கும் விரும்பிச் செல்லும் பிரிவுகளை ஜோன் மசாகேயின் ஆய்வகம் தேர்ந்தது இந்த வழியில்தான். நிமிடத்துக்கு ஐந்நூறு முறைக்கு மேல் துடிக்கும் இதயத்தில் மார்புச் சுவர் வழியே ஊசி இறக்கும் வேலை இது. ஊசி இடது கீழறையில் இருந்தால் செக்கச்செவேலென்ற இரத்தம் துடிப்புக்கேற்பச் சிரிஞ்சுக்குள் பீறிடும். இரத்தம் கருத்திருந்தால் வலப்பக்கம் போய்விட்டீர்கள், செல்கள் நுரையீரலுக்கே போகும். ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸ் ஏற்றிய செல்லாக இருந்தால் அன்றே படம் எடுத்து, ஒளி உடல் முழுவதும் பரவியிருக்கும் எலியை மட்டும் வைத்துக்கொண்டு, மார்பில் மட்டும் ஒளிரும் எலியை விலக்க வேண்டும். கைப்பழக்கம் வரும்வரை இழப்பு அதிகம். எலும்பு மட்டும் போதுமென்றால் வால் தமனியில் செலுத்தும் முறை, 2018-இல் ஜப்பானியக் குழு ஒன்று விரிவாகக் காட்டியது, இதயத்தைத் தொடாமலே பின்னங்கால் எலும்புகளை அடைகிறது. புதிதாகத் தொடங்குபவர் அதையே முதலில் பழகலாம்.

மண்ணீரலில் செலுத்தியவை போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குப் போகும். பெருங்குடல் புற்றுநோயின் இயற்கையான பாதையும் அதுவே. பின்னர் மண்ணீரலை எடுக்காவிட்டால் அங்கும் கட்டி வளரும். எடுத்தால் எதிர்ப்பாற்றலின் ஓர் உறுப்பை இழந்த எலியில் ஆய்வு நடக்கிறது. எதிர்ப்பாற்றல் சிகிச்சை பற்றிய ஆய்வுக்கு இந்த இரண்டாவது செலவு கனமானது.

தானே எழும் கட்டி

எங்கே வைப்பது என்ற சிக்கலே இல்லாத வழியும் உண்டு. 1992-இல் மரபணு மாற்றி உருவான எம்.எம்.டி.வி.-பி.ஒய்.எம்.டி. எலியில் மார்பகக் கட்டிகள் தாமே எழுந்து நுரையீரலுக்குப் பரவுகின்றன. 2005-இல் அவ்வாறே உருவான கே.பி.சி. எலியில் கணையப் புற்றுநோய் எழுந்து கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. செல் பிறந்த இடத்திலேயே, முழு எதிர்ப்பாற்றலோடு, படிப்படியாகக் கெடுவதைக் காணலாம்.

விலை காலமும் இனப்பெருக்கமும். மூன்று மரபணு மாற்றங்களும் ஒருசேர அமைந்த கே.பி.சி. குட்டி எல்லா ஈற்றிலும் கிடைக்காது. மற்றக் குட்டிகளின் உயிரும் உங்கள் கணக்கில்தான் சேரும். பி.ஒய்.எம்.டி. எலியில் பத்து மார்பகங்களிலும் கட்டி எழுவதால், அறுத்து எடுத்துவிட்டுப் பரவலை மட்டும் தொடர்வது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஓட்டத்தின் வரைபடம்

| இடம் | முதலில் எதிர்ப்படும் வலை | தவறவிடும் படிகள் | தோராயக் காலம் |
|---|---|---|---|
| தோலடி | பெரும்பாலும் வெளியேறுவதே இல்லை | கட்டியைப் பொறுத்து ஏறக்குறைய எல்லாம் | 2–6 வாரம் |
| மார்பகக் கொழுப்புத் திசு, 4டி1 | நிணநீர்க் கணு, நுரையீரல் | எதுவும் இல்லை | 4–6 வாரம் |
| கணையம், குடற்சுவர் | கல்லீரல் | எதுவும் இல்லை. கசிந்தால் எல்லாம் | 4–10 வாரம் |
| வால் சிரை | நுரையீரல் | ஊடுருவல், குழாய்க்குள் நுழைதல் | 2–3 வாரம் |
| இடது கீழறை | உடல் முழுவதும் | அதே இரண்டும், நுரையீரல் வடிகட்டலும் | 3–6 வாரம் |
| மண்ணீரல் | கல்லீரல் | ஊடுருவல், குழாய்க்குள் நுழைதல் | 2–5 வாரம் |
| மரபணு மாற்ற எலி | உறுப்பைப் பொறுத்தது | எதுவும் இல்லை | 3–6 மாதம் |

யாருக்கு எது

புதிய சேர்மம் ஒன்று கட்டியைத் தொடுகிறதா என்று மட்டும் அறிய வேண்டுமானால் தோலடியோடு நிறுத்துங்கள். அதற்காக எலிக்கு அறுவை செய்வது நியாயமன்று. அந்தக் கட்டுரையின் முடிவுரையில் பரவல் என்ற சொல்லை எழுதாமல் இருப்பதே அதற்கான நேர்மை.

உங்கள் மரபணு செல்லின் நகர்வையோ ஊடுருவலையோ ஆள்கிறது என்பது கருதுகோளானால், உரிய உறுப்பைத் தவிர வேறு வழியில்லை. வால் சிரையில் ஏற்றிப் பரவல் குறைந்தது என்று காட்டுபவர்களின் கட்டுரைகளை நான் மதிப்பிடும்போது, குறைந்தது ஊடுருவலா பிழைப்பா என்று கட்டாயம் கேட்கிறேன். மாறாக, மரபணு குடியேற்றத்தை ஆள்கிறது என்று கருதினால் வால் சிரையே தூய்மையான சோதனை. உரிய உறுப்பில் வைத்தால் முதன்மைக் கட்டியின் அளவு மாறுபாடு உங்கள் விடையைக் குழப்பும். கைவசம் எலிகள் இருந்தால், ஒரே செல்லை இரண்டு இடங்களிலும் வைத்துப் பார்ப்பது மிகத் தெளிவான விடையைத் தரும்: உறுப்பில் வைத்தபோது பரவல் குறைந்து, சிரையில் ஏற்றியபோது குறையவில்லை என்றால், உங்கள் மரபணு முதல் இரண்டு படிகளில் ஒன்றில் வேலை செய்கிறது.

எதிர்ப்பாற்றல் சிகிச்சை ஆராய்பவர் எலிச் செல்லையும் அதே இன எலியையும் எடுத்து உரிய உறுப்பில் வைப்பது நல்லது. நோயாளியின் கட்டியைக் கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுக்க முயல்பவருக்கு, துண்டை உறுப்பில் தைப்பது சிறந்தது. ஆனால் முதல் தலைமுறையைத் தோலடியில் பெருக்கிக்கொண்டு, இரண்டாம் தலைமுறையை உறுப்புக்கு மாற்றுவது இழப்பைக் குறைக்கும்.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும், முதல் எலியைத் தொடும் முன் செல் லைனின் அடையாளத்தை டி.என்.ஏ. கைரேகை வழியே உறுதி செய்யுங்கள். மார்பகப் புற்றுநோய் என்று நம்பி எம்.டி.ஏ.-எம்.பி.-435 செல்லை மார்பகத்தில் வைத்து ஆண்டுக்கணக்கில் பரவலை ஆராய்ந்தவர்கள் உண்டு. அது எம்14 என்ற மெலனோமா செல் என்று பின்னர் தெரியவந்தது. உரிய உறுப்பில் வைத்தோம் என்று அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அன்றே பொருளிழந்தது. பிறகு, ஆறு எலிகளில் ஒரு முன்னோட்டம் நடத்தி, வாரத்துக்கு இரண்டாக முடித்துத் திறந்து பார்த்து, முதன்மைக் கட்டி எந்த நாளில் எந்த அளவை எட்டுகிறது, நுரையீரலில் முதல் திட்டு எந்த நாளில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டியை அறுத்து எடுக்கும் நாளையும் எலியை முடிக்கும் நாளையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதும்போது, அந்த ஆறு எலிகள் தந்த எண்களையே எழுதுங்கள்.